அவள் சொன்னபடியே

முதலில் வந்தது வாசனைதான். தண்ணீர் தெளித்த பருத்தித் துணிமேல் காய்ந்த இஸ்திரிப் பெட்டி ஏறும்போது எழுமே, பாதி சுகமாகவும் பாதி கருகலாகவும் மூக்குக்குள் ஈரமாக ஒட்டிக்கொள்ளும் அந்த வாசனை. ரேடியோக்கா தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, தன்னுடைய இஸ்திரிப் பெட்டி இருக்கும் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அது வயரைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, காலையில் வைத்த இடத்திலேயே குளிர்ந்துபோய்க் கிடந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். தெருவில் யாரும் துணி தேய்க்கவில்லை. தேய்த்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் போயிருக்காது. யார் வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் அவள்.

மோப்பம் பிடித்துக்கொண்டே எழுந்தாள். வாசனை அவளைப் பக்கத்து அறைச் சுவரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. கையை வைத்துப் பார்த்தாள். சுவர் முழுவதும் சில்லென்று இருந்தது. இடுப்பு உயரத்தில் ஓர் இடம் மட்டும், ஒரு கையகலம், சூடாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஒரே கூடமாக இருந்ததை, வீட்டுக்காரர் நடுவில் ஒற்றைச் செங்கல் அடுக்கி இரண்டாக்கி, இரண்டு குடித்தனம் வைத்திருந்தார். இந்தப் பக்கம் ரேடியோக்காவும் அவள் புருஷனும். அந்தப் பக்கம், லாண்டரியில் துணி தேய்க்கும் பெண், தனியாள். அந்தப் பெண் போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். கை வெந்து, புண் சீழ் வைத்து, விஷம் உடம்பெல்லாம் ஏறி, காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுக்காரர் அறையைப் பூட்டிச் சாவியை ரேடியோக்காவிடம் கொடுத்திருந்தார், வாடகைக்கு யாராவது வந்தால் திறந்து காட்டும்படி. அறையைக் காட்டுவதற்கு முன்பே அறையின் கதையை அவள் சொல்லிவிடுவாள் என்பதால், அது இன்னும் பூட்டியே கிடந்தது.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. அவள் காதில் நுழைந்த சேதி நுழைந்த உருவத்தில் வாய்வழியே வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றுதான் ஒலிபரப்பு தொடங்கும். பிறகு கேட்பவர் யாரோ அவருக்குப் பிடித்த பக்கம் கதை திரும்பிக்கொள்ளும். வந்தவருக்குத் தக்கபடி சர்க்கரையைக் கூட்டிக் குறைத்துத் தேநீர் கலக்குகிற மாதிரி. கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்குக் குரல் வரும். மாடி வீட்டம்மாவின் மூக்குப் பேச்சு, வீட்டுக்காரரின் இருமல் கலந்த அதட்டல், தெருவில் பாதிப் பேர் அவள் தொண்டைக்குள் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள்.

அவள் புருஷனுக்குக் காது மந்தம். கொடுத்துவைத்த மனுஷன் என்று ஊரே சொல்லும். உலகத்தில் அவருக்குக் கேட்கிற ஒரே குரல் பெண்டாட்டியுடையது, அது வெண்கலம் என்பதால். பக்கத்து அறைப் பெண்ணுக்கோ காற்றில் நூல் ஆடுகிற மாதிரிக் குரல். அவள் பேசினால் இவருக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரியும். என்ன கேட்டாலும் தலையை ஆட்டி, "நல்லா இரும்மா" என்பார்.

சுவர் சூடாக இருந்ததை அவரிடம் சொன்னாள். அவர் கையை வைத்துப் பார்த்தார்.

"சில்லுன்னுதானே இருக்கு."

இருந்தது.

அந்தப் பெண் செத்த வழக்கில் சாட்சி சொல்ல, கோர்ட்டிலிருந்து ரேடியோக்காவுக்குச் சம்மன் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் நடையே மாறிப்போயிருந்தது. குழாயடியில் குடத்தை வைக்கும்போதுகூட ஏதோ ஆதாரத்தைத் தாக்கல் செய்கிற தோரணை.

"என்ன ரேடியோக்கா, இனிமே அரசாங்க ஒலிபரப்பாமே?" என்றாள் பூட்டுக்கடைக்காரர் மனைவி.

"பின்ன? நான் வாயைத் திறந்தாத்தான் கேஸே நகருமாம்."

"நீங்க வாயை மூடினாத்தான் அதிசயம். நடுவுல விளம்பரம் போட்டுடாதீங்க, ஜட்ஜ் எந்திரிச்சுப் போயிடப் போறாரு."

குழாயடியே சிரித்தது. ரேடியோக்காவும் சிரித்தாள்.

"சரி, ஒரே ஒரு தடவை அவ மாதிரி பேசிக் காட்டுங்களேன்."

அவளுக்கு இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. தலையை இடது பக்கம் சாய்த்தாள், கண்ணைத் தாழ்த்தினாள், விரல் முட்டியால் குடத்தை இருமுறை தட்டினாள். அந்தப் பெண் சுவரைத் தட்டுகிற தட்டு அது.

"அக்கா, இருக்கீங்களா?"

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. மெல்லிசாக ஆரம்பித்து, கடைசி எழுத்தில் லேசாகக் கரகரத்து நின்ற அந்தக் குரல் அந்த இடத்தைவிட்டுப் போக மனமில்லாமல் நின்றது.

"வேணாம்க்கா," என்றாள் மாடி வீட்டம்மா மூக்கால். "செத்த பொண்ணு. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் ரேடியோக்கா. அந்தச் சொல்லும் அந்தப் பெண்ணின் குரலிலேயே வந்தது. தொண்டையைச் செருமி, மறுபடி சொல்லிக்கொண்டாள். சளி, வேறென்ன.

அரசு வக்கீலம்மாவின் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேசைமேல் பாதி குடித்த தேநீர் ஆடை கட்டியிருந்தது. தூக்கம் போதாத கண்களோடு, கோபப்படவும் நேரமில்லாத ஒரு பெண்.

"லாண்டரி முதலாளி என்ன சொல்றாருன்னா, சூடு தானா பட்டுச்சாம். தூக்கக் கலக்கத்துல அவங்களே பெட்டிக்கு அடியில கையைக் கொடுத்துட்டாங்களாம். கடைக்குள்ள அப்ப அவங்க ரெண்டு பேர்தான். போலீஸ் போய்க் கேக்கும்போது காய்ச்சல்ல முனகினது ஒரே வரி, 'முதலாளி கடையில கை வெந்துடுச்சு'ன்னு. அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கை வெந்த கையோட நேரா உங்ககிட்ட வந்து நடந்ததைச் சொல்லியிருக்காங்க. நீங்கதான் கேட்டீங்க."

"நான்தான் கேட்டேன்," என்றாள் ரேடியோக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து.

"ஒருத்தர் சொல்லக் கேட்டேன்னு இன்னொருத்தர் வந்து சொல்றதை கோர்ட் சாதாரணமா காதுலயே போட்டுக்காது. சொன்னவங்களையே கூட்டிட்டு வாம்பாங்க. இங்க கூட்டிட்டு வர வழி இல்ல. அதனாலதான் ஜட்ஜ் ஒத்துக்கிட்டார், அந்தப் பக்கம் எவ்வளவோ மல்லுக்கட்டினாங்க. செத்தவங்களை நாங்க எப்படிங்க குறுக்கு விசாரணை பண்றதுன்னு. ஒரு விதத்துல அது நியாயம்தான். அதனால அவங்களுக்குப் பதிலா உங்களைக் கிழிப்பாங்க. புரியுதா? உங்க அபிப்பிராயம் வேணாம். அவங்க வார்த்தை மட்டும். சொன்னபடியே."

ரேடியோக்கா சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், குரலோடு, கையோடு, கண்ணீரோடு. வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"போன தடவை முதலாளி சிரிச்சுக்கிட்டே அழுத்தினாருன்னீங்க. இப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டுன்னு சொல்றீங்க. நடுவுல ஏதோ கெட்ட வார்த்தை வேற வந்துச்சு. இதுல எதும்மா?"

"எல்லாம்தான்."

"எல்லாமா இருக்க முடியாது. அந்தப் பொண்ணு சொன்னது எது?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்று ரேடியோக்கா எழுந்துகொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த மாலையை மனசுக்குள் விரித்துப் பார்த்தாள். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வாசற்படியில் நின்றாள். கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. எல்லாம் தெளிவாக இருந்தது. "அக்கா, இருக்கீங்களா? முதலாளி என் கையை…" அதுவரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தமில்லை.

அந்த இடத்தில் பூட்டுக்கடைக்காரர் மனைவிக்குச் சொன்னது இருந்தது. மாடி வீட்டம்மாவுக்குச் சொன்னது இருந்தது. லாண்டரி முதலாளியின் மனைவி உடுப்புக்கு அளவு கொடுக்க வந்தபோது, அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து, "கண்ணு சொக்கிடுச்சு அக்கா, நானேதான் வச்சுட்டேன் போல" என்று அந்தப் பெண்ணின் குரலிலேயே சொல்லிச் சிரிக்கவைத்தது, அதுவும் இருந்தது. இத்தனைக்கும் அடியில், அந்தப் பெண் சொன்னது இல்லை. கேட்கும்போதே சொல்லத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. வாசலில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ரேடியோக்கா மனசுக்குள் ஏற்கெனவே குழாயடிக்குப் போய்விட்டிருந்தாள்.

இது தெரிந்தால் வழக்கு போய்விடும். முதலாளி கையை வீசிக்கொண்டு போவான். அதைவிட, தெருவுக்குத் தெரிந்தால்? உள்ளதைச் சொல்வதென்றால், அவளுக்குப் பெரிதாகப் பட்டது இரண்டாவதுதான்.

அன்று சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. புருஷன் வாசலில் உட்கார்ந்து, கெட்டுப்போன டார்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறைக்குள் மிஷினும் கத்திரியும் துணி மூட்டைகளும் ஒவ்வொன்றாக உருவம் இழந்து கறுத்துக்கொண்டிருந்தன. அந்த வாசனை மறுபடி வந்தது. இந்தத் தடவை வாசனையோடு ஒரு சத்தமும், ஈரத் துணிமேல் சூடு ஏறும் அந்த நீண்ட "ஸ்ஸ்ஸ்", யாரோ வலியை வாய்க்குள் வைத்து இழுப்பதுபோல, சுவருக்குள்ளிருந்து வந்தது. ரேடியோக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. குரலைப் பிடித்தால் வார்த்தையும் பின்னாலேயே வரும். அவளுக்கு எப்போதும் அப்படித்தானே வந்திருக்கிறது. தலையைச் சாய்த்துக்கொண்டாள். விரல் முட்டியால் சுவரை இருமுறை தட்டினாள்.

"அக்கா, இருக்கீங்களா?" என்றாள், அந்தக் குரலில்.

அந்தப் பக்கமிருந்து இருமுறை தட்டியது.

"அக்கா, இருக்கீங்களா?"

எதிரொலி. ஒற்றைச் செங்கல் சுவர். எதிரொலிக்கும்.

"முதலாளி சிரிச்சுக்கிட்டே அழுத்தினாரு அக்கா," என்றது சுவர்.

இவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தினாரு அக்கா. புகை வந்துச்சு அக்கா, நான் அம்மான்னு கத்தினேன் அக்கா, தெருவே கேட்டுச்சு அக்கா." அது பூட்டுக்கடைக்காரர் மனைவிக்குச் சொன்னது. "கெட்ட வார்த்தையில திட்டினாரு அக்கா." அது மாடி வீட்டுக்கு. ஒவ்வொன்றாக வந்தது, யார் யாருக்கு எந்தக் குழைவில் சொன்னாளோ அதே குழைவில், சிரிப்புக்காக நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அழுகைக்காக இழுத்த இடத்தில் இழுத்து. பிறகு மெதுவாக: "கண்ணு சொக்கிடுச்சு அக்கா. நானேதான் வச்சுட்டேன் போல."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"எங்கடி?" என்றார் புருஷன்.

அவள் நிற்கவில்லை. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கட்டில் சட்டம். ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் தூசி, யார் காலும் படாத தூசி. வாசனைகூட இல்லை. மூடிக்கிடந்த அறையின் புழுக்கம் மட்டும்.

யாருமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

இருமுறை தட்டியது. இப்போது அவளுடைய வீட்டுக்குள்ளிருந்து.

"அக்கா, இருக்கீங்களா?"

அதன்பிறகு தினமும் வந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், மிஷினில் ஊசிக்கண் தெரியாமல் போகும் அந்த நேரத்தில். குழாயடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். வழக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாதென்று வக்கீலம்மா சொல்லியிருப்பதாகப் புருஷனை விட்டுச் சொல்லவைத்தாள். தெரு ஏமாந்துபோனது. உள்ளே அவள் மிஷினை வேகமாக மிதித்தாள். சத்தத்துக்கு மேல் சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் கேட்கும். ஆகவே நிறுத்தவில்லை. துணி தீர்ந்துபோனபின் வெறுந் துண்டுகளின்மேல் தைத்தாள், தைத்ததன் மேலேயே தைத்தாள்.

சுவர் பொறுமையாக இருந்தது. அவள் சொன்ன வடிவங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் எப்போதும் அதே இடத்துக்கு வந்து நின்றது.

"முதலாளி என் கையை…"

அங்கே நிற்கும். காத்திருக்கும்.

"அழுத்தினாரு," என்றாள் ரேடியோக்கா ஒரு நாள், தாங்க முடியாமல்.

மறுபடி முதலிலிருந்து. "அக்கா, இருக்கீங்களா? முதலாளி என் கையை…"

"பிடிச்சாரு. இழுத்தாரு. சுட்டாரு. என்னடி வேணும் உனக்கு? நடந்தது உனக்குத்தானே தெரியும்? நீயே சொல்லேன்!"

சுவருக்குள் எதுவோ நகர்ந்தது. சுவரின் அந்தக் கையகலச் சூடு அவள் கன்னத்தில் அடித்தது.

"நான் சொன்னேனே அக்கா," என்றது குரல். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்ககிட்ட குடுத்துட்டேனே. என்கிட்ட வேற இல்லையே அக்கா. நீங்க பேசினதை வச்சுதான் நான் இருக்கேன்."

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின மாலை மழை பிடித்துக்கொண்டது. வக்கீலம்மா ஒரு மாதிரியாகச் சமாளித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள்: முதலாளிதான் அழுத்தினார் என்று அந்தப் பெண் சொன்னாள், அவ்வளவுதான், சிரிப்பு வேண்டாம், பல் வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் வார்த்தை இல்லை, வக்கீலம்மாவின் வார்த்தை; அதை முனகிக்கொண்டே ரேடியோக்கா தலைவாரும்போது, சுவர் தட்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை. பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் எரிச்சலாகிவிடுகிறது. கையில் இருந்த சீப்பைச் சுவர்மேல் வீசினாள்.

"இந்தா, என் வாயையே எடுத்துக்கோ! நாளைக்கு நீயே வந்து சொல்லிட்டுப் போ! என்னை விடு!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி அக்கா," என்றது சுவர்.

அன்று முதல்முறையாக வாசனை நின்றது. சுவர் முழுக்கச் சில்லென்று ஆனது. ரேடியோக்கா நன்றாகத் தூங்கினாள்.

கோர்ட்டில் கூட்டம் இருந்தது. தெருவே வந்திருந்தது, அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. முதலாளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மடிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. அதை யாரோ தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று ரேடியோக்கா நினைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேலைக்கு வந்த யாரோ.

சாட்சிக் கூண்டில் ஏறிக் கையை உயர்த்தினாள். உள்ளங்கை சுட்டது. உறுதிமொழியை முணுமுணுத்தாள், யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"இறந்துபோனவங்க உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்றாள் வக்கீலம்மா. "அவங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

கற்றுக்கொடுத்த வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள். தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

கூட்டத்தில் மாடி வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு சட்டையில சூட்டுக் கறை விழுந்துடுச்சு அக்கா. முதலாளி பாத்தாரு. திட்டல. கிட்ட வந்து என் கையைப் பிடிச்சு மேசைமேல விரிச்சு வச்சாரு, துணியை விரிக்கிற மாதிரி, விரலை எல்லாம் நீவி விட்டு. அப்புறம் பெட்டியைத் தூக்கி வச்சாரு. வலிக்குதுன்னு சொன்னேன். 'தெரியும்'னாரு. அவ்வளவுதான் அக்கா. சிரிக்கல. கத்தல. 'தெரியும்'னாரு."

ரேடியோக்கா தன் வாய்க்குப் பின்னால் எங்கேயோ நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், முதல்முறையாக. அவள் சொன்ன எந்தக் கதையைவிடவும் சின்னதாக இருந்தது அது. அதனால்தான் அவளிடம் தங்கவில்லை. எதிர்ப்பக்கம் அந்தக் கத்தி மடிப்புச் சட்டையின் கழுத்துப் பட்டை நனைந்துகொண்டிருந்தது. 'தெரியும்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டவள் ஒருத்தி, சொன்னவன் ஒருவன். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. வக்கீலம்மாவின் தூங்காத கண்கள் பளபளத்தன.

அங்கேயே நின்றிருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும். ஆனால் சொன்னபடியே என்றல்லவா கேட்டிருந்தார்கள். மிச்சமும் வந்தது.

"சொல்லிட்டிருக்கும்போதே நீங்க ஊசிக்கு நூல் கோக்கத் திரும்பிட்டீங்க. நீங்க கேக்கல அக்கா. நான் சுவரைப் பாத்துதான் சொன்னேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார். அவசரமே இல்லாத மனிதர்.

"கேக்கலையா? யாரும்மா கேக்கல?"

ரேடியோக்கா தன் குரலைத் தேடினாள். தொண்டைக்குள் துழாவினாள். வெண்கலம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அக்காதான் கேக்கல," என்றது வாய்.

"அக்கா யாரு? நீங்கதானே?"

"நான் இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். பூட்டுக்கடைக்காரர் மனைவி என்று தோன்றியது.

"உங்க சொந்தக் குரல்ல பேசுங்கம்மா," என்றார் நீதிபதி.

"இதுதாங்க ஐயா என் குரல்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவில்லை. முதலாளியின் மனைவிக்கு இதே குரலில் வேறொரு கதை சொன்னீர்களே, கண் சொக்கிவிட்டது என்று, அதையும் ஒருமுறை பேசிக் காட்டுங்கள் என்றார். தெருவில் இவருக்கு என்ன பெயர் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் சொன்னது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லப்பட்டதைத் தான் கேட்கவே இல்லை என்று சாட்சியே கூறுவதால், செத்தவளின் வார்த்தையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். வேறு சாட்சி இருக்கிறதா? வக்கீலம்மா எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

அந்த வாரமே முதலாளி விடுதலையானார். லாண்டரி மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குத் திறந்தது. புதுப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பேச்சு.

"இது நடிக்கிற இடமாம்மா?" என்றாள் வக்கீலம்மா படிக்கட்டில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ரேடியோக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். "ரேடியோ ரிப்பேரு," என்றது குழாயடி. "கடைக்குக் கொடுத்திருக்காங்களாம். பார்ட்ஸ் கிடைக்கலையாம்." அவமானத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் பேசிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தலையணைக்குள், பானைக்குள், ஓடும் தண்ணீருக்குக் கீழே. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தால், "வலிக்குதுன்னு சொன்னேன்" என்று வந்தது. கடவுளே என்றால், "தெரியும்னாரு" என்று வந்தது. சொல்லியும் யாரும் எடுத்துக்கொள்ளாத சொல்லுக்குப் போக வேறு இடம் ஏது.

வலது உள்ளங்கை வழவழப்பாகிக்கொண்டே வந்தது. ரேகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

இன்றைக்கும் வெளிச்சம் மங்கியது. புருஷன் டார்ச்சை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டு, எரிகிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டமான மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி, இறங்கி, நின்றது. அவர் நிமிர்ந்தார். மந்தக் காதை லேசாகத் திருப்பினார்.

"என்னடி?" என்றார், சுவரைப் பார்த்து. "ஏன் அங்கேருந்து கத்தற?"

ரேடியோக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறைக்குள், வெண்கலம்போல் ஒரு குரல். "என்னங்க! இங்க வாங்க! ஒரு விஷயம் சொல்றேன்!"

அவளுடைய குரல்.

"வர்றேன், வர்றேன்," என்றார் அவர். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

போகாதீங்க. அவள் கத்தினாள். உதடு அசைந்தது. காற்றில் நூல் ஆடியது. ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள், வலது கையால், இறுக்கி.

அவர் திரும்பினார். டார்ச் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அசையும் உதட்டைப் பார்த்தார். பக்கத்து அறைப் பெண்ணிடம் எப்போதும் ஆட்டுவதுபோல் தலையை ஆட்டினார்.

"நல்லா இரும்மா," என்றார். "இங்கேயே உக்காரு. அக்கா உள்ள மாட்டிக்கிட்டா போல. திறந்து விட்டுட்டு வந்துடறேன்."

அவள் விரல்களை மென்மையாக விலக்கிவிட்டு நடந்தார். அந்த வெள்ளைச் சட்டைக் கையில், அவள் பிடித்த இடத்தில், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக மஞ்சள் சூட்டுக் கறை. புகை லேசாக எழுந்தது. அந்த வாசனை.

வெளியே பூட்டில் சாவி திரும்பியது. உள்ளே அவள் குரல் சிரித்தது. பிறகு தணிந்து, ஆசையாக, ஆரம்பித்தது.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க…"